அரைப்பேர்

போன மாசி வரைக்கும் கூரையில் ஆறு பேனல்,
ஆறுக்கும் ஒரே வயர், சுவரில் ஒரே இன்வெர்ட்டர்.
இரண்டு மணியானால் கம்பனியின் டர்பன்டைன் மரம்
வேலிக்கு இந்தப் பக்கம் நிழலை நீட்டும்.
முதலில் ஓரத்துப் பேனலின் ஒரு மூலை,
லேஞ்சி அகலம்தான்;
அதற்குள் ஆறும் சோர்ந்துவிடும்.
ஓவனுக்குள் கேக் எழும்பிக்கொண்டிருக்கும்,
வெளியே மீட்டரும் எழும்பும்.

"ஒரே வரிசை அக்கா,
ஒன்று படுத்தால் மற்றதையும் இழுக்கும்"
என்றான் ஹட்டனிலிருந்து வந்த கிருஷாந்தன்.

பன்னிரண்டு வருஷம் கொழுந்தெடுத்தவள் நான்.
நிறை குறைந்தால் அரைப்பேர்.
அந்த அரைப்பேர் என்னோடு போகும்;
பக்கத்து நிரையில் நின்ற புவனேஸ்வரியின் செக்றோலில்
அதற்காக யாரும் கை வைத்ததில்லை.
தோட்டத்திலேயே இல்லாத சட்டம்
என் கூரைக்கு எப்படி வந்தது?

மரத்தை வெட்டச் சொல்லி துரைக்குக் கடிதம் கொடுத்தோம்.
கிளாக்கர் வாங்கித் தேதி குத்தினார்.
மரம் கம்பனியுடையது. நிழல் யாருடையது என்று
அவரும் கேட்கவில்லை, நாங்களும் எழுதவில்லை.
எட்டு மாதத்தில் மரம் இன்னும் இரண்டடி வளர்ந்தது.
இரவில் என் வீட்டுக்காரர் வேலியோரம் போய்
அதன் அடியைப் பார்த்தபடி நிற்பார்.
கோடரியை நான்
அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு எடுக்கவிருந்த சீட்டை
மாசியிலேயே கழிவு கொடுத்து எடுத்தேன்.
மின்சார சபையின் கையெழுத்துக்கு ஆறு வாரம்.
கிழக்குச் சரிவில் புதிதாக நாலு பேனல்,
பழையதும் புதியதுமாய்ப் பத்துக்கும் பத்துச் சின்ன இன்வெர்ட்டர்.
ஒவ்வொன்றும் பாடப்புத்தகம் அளவு,
பேனலின் வயிற்றடியில் குட்டிபோல் ஒட்டிக்கொண்டது.
பழைய பெட்டியைக் கழற்றிய சுவரில்
புகை படாத வெள்ளைச் சதுரம் ஒன்று.
காலண்டரை அதில் மாட்டினேன்.

இப்போது போனைத் திறந்தால் பத்துக் கட்டம், பத்து எண்.
கிருஷாந்தன் அதற்கு வேறு பேர் சொன்னான்;
நான் செக்றோல் என்கிறேன்.
இன்று இரண்டேகால்:
மேற்கில் இருநூற்றி எழுபது, எழுபத்தி நாலு, அறுபத்தொன்பது,
கிழக்கில் நூற்றித் தொண்ணூறு சொச்சம்.
ஓரத்தவள் நாற்பத்தொன்று.
அரைப்பேர்கூட இல்லை.
மற்ற ஒன்பதும் அவளைத் திரும்பிப் பார்க்காமல்
வேலையில் நிற்கின்றன.
மரமும் நிற்கிறது.
கோடரியை விறகுக்கென்று வெளியே எடுத்து வைத்தேன்.
பனி மூடினால் மட்டும்
பத்தும் பதினைந்து, பதினாறு;
அதற்கு ஹட்டனில் சாமான் இல்லையாம்.

போன செவ்வாய் நல்ல வெயில்.
பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
கூரை நிறைய வெளிச்சம், ஓவன் குளிர்கிறது.
"இத்தனை காசுக்கும் இதுவா?" என்று
வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக் கத்தினார்.
கிருஷாந்தனுக்குப் போன் போட்டேன்.
"லைனில் யாரோ வேலை செய்வான் அக்கா.
உங்கள் கூரையிலிருந்து கரண்ட் போனால்
அவன் கையில் அடிக்கும்.
அதுதான் தானே நின்றுவிடும்."

வாசலுக்கு வந்தேன்.
கீழே, நோர்வூட் பாதை வளைகிற இடத்தில்
கம்பத்து உச்சியில் ஒரு மஞ்சள் தொப்பி.
ஊர் தெரியாது, பேர் தெரியாது.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான்.
போனில் பத்துப் பூச்சியம்.
அவ்வளவு வெயிலையும் விட்டுவிட்டு
பத்தும் அவனுக்காகச் சும்மா கிடந்தன,
ஓரத்தவளும்தான்.
பத்துக்கும் முழுப்பேர் என்று
மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஓவனைத் திறந்தால்
கேக் நடுவில் குழி விழுந்திருக்கிறது.
நாலு மணிக்கு ஆள் வரும்.
பொகவந்தலாவைப் பிறந்தநாள் வீட்டுக்கு
இதையெல்லாம் எப்படிச் சொல்வது?