இருபத்து மூன்றாம் நிமிடம்

கொக்குவிலில் ஒரு ரியூட்டரி,
மேல்மாடி, சனிக்கிழமை பின்னேரம்.
கரும்பலகைக்கு மேலே வேட்டி கட்டிப் படம் காட்டினோம்.
நாயகியின் நெற்றியில் வேட்டிக்கரை ஓடியது.

எண்பத்தாறில் எடுத்த படம். மார்செய் துறைமுகம்,
ஒரு ஹோட்டல், ஒரு முத்துமாலை, நான்கு மொக்குத் திருடர்.
தமிழில் சப்டைட்டில் போட்டது நான்.
மூன்று கிழமை இரவு வேலை. கூலி இல்லை.

படத்தில் ஒரு மகாராஜா வருவார்.
நடித்தவர் வெள்ளைக்காரர்.
முகத்துக்குத் தேயிலைச் சாயம்;
காதுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டார்கள்.
அவருக்கு நாற்பத்தொரு வசனம். எண்ணினேன்.

குசினியில் கோப்பை கழுவ ஒருவன்.
அவனுக்குச் சாயம் தேவைப்படவில்லை.
வசனம் ஒன்றேயொன்று.
எனக்கு வந்த பிரதியில் அந்த இடத்தில்
'புரியாத மொழி' என்று எழுதிக் கிடந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். திரும்பப் போட்டேன்.

"ஐயா, மாலை உந்தச் சூப்புச் சட்டிக்குள்ள கிடக்கு.
நான் கண்டனான்."

இன்ஸ்பெக்டர் வாயைக் கோணி
'கிடக்கு கிடக்கு' என்று கோழிபோலக் கொக்கரிப்பார்.
அதுதான் பகிடி.
அந்தக் காலத்துத் தியேட்டர்கள் அங்கே சிரித்திருக்கும்.
பிறகு எழுபத்தொரு நிமிடம்
மாலையைத் தேடிக் கார்கள் கடலுக்குள் பாயும்.

'உன்ரை பாஷையில ஏதும் சொல்லு' என்றிருப்பார்கள்.
தூஷணம் சொல்லியிருக்கலாம். தேவாரம் பாடியிருக்கலாம்.
விசா இல்லாத அந்தப் பெடியன்
(விசா இல்லையென்று நானே முடிவெடுக்கிறேன், பாருங்கள்)
காட்சியைக் கவனித்து நின்று
கண்டதைச் சாட்சி சொன்னான்.

தமிழுக்குத் தமிழில் என்ன சப்டைட்டில்?
அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

சனிக்கிழமை, இருபத்து மூன்றாம் நிமிடம்.
ஃபான் சுற்றும் சத்தம் மட்டும்.
பிறகு கதிரைகள் குலுங்கின.
வங்கியில் வேலை செய்யும் கமலலோஜினி எழும்பி நின்று
"டேய் விசரா, சட்டிக்குள்ள பார்!" என்று
இன்ஸ்பெக்டரை ஏசினாள்.
அதற்குப் பிறகு யார் சப்டைட்டில் வாசித்தது?
கார் பாயப் பாய "சட்டி! சட்டி!"
மார்செய் முழுக்கத் தேடிய மாலை
எங்களிடம் இருந்தது.

முடிந்ததும் பெயர்ப்பட்டியலில் தேடினோம்.
மகாராஜா. அவருடைய நாய். நாயைப் பழக்கியவர்.
அவன் இல்லை.

உடனே எங்கள் விசாரணை தொடங்கியது.
'கிடக்கு' இழுபட்ட விதம் வேலணை என்றார் ஒருவர்.
காரைநகர்தான், பந்தயம் என்றார் குகப்பிரியன்.
"ஆற்றை பெடியனாம்?" என்றது ஒரு குரல்.
அந்தக் கேள்வி எந்த ஒழுங்கையால் போய்
எந்த வாசலில் நிற்குமென்று எல்லோருக்கும் தெரியும்.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கடைசி வரிசையில் சித்தி நஸ்ரியா,
சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்து ஆறு வருடம்,
கையைத் தூக்கினா.

"போன மாசம் காட்டின உங்கட குறும்படத்தில
தொப்பி போட்ட ஒராள் பழைய இரும்பு வாங்க வந்தவர்.
தராசைத் தூக்கினவர், 'அல்லாவே' எண்டவர், போயிட்டார்.
அந்த வீட்டில அவர் என்னத்தைக் கண்டவர் எண்டு
ஒருத்தரும் கேக்கேல்ல."

அந்தப் படத்துக்கு வசனம் எழுதியதும் நான்தான்.
கூலி இல்லையென்று அப்போதும் சொல்லியிருப்பேன்.

"என்னத்தைக் கண்டவர்?" என்று கேட்டேன்.

"இப்ப கேக்கிறீங்கள்," என்றா,
கதிரைக்குக் கீழே குடையைத் தேடிக்கொண்டு.