சனி பிடித்தவன்

கண் திறந்ததும் எப்பே கேட்டது
பாலை இல்லை, அம்மாவை இல்லை.
"சனியா?"
சனிதான் என்றேன்.
ஜட்டியோடு ஓடிப்போய்
பனிக்காலணியை மாட்டிக்கொண்டு நின்றான்,
இடதும் வலதும் மாறி.

லூலியோவில் ஜனவரி.
மணி பத்தாகியும் சூரியன்
எழலாமா வேண்டாமா என்று
உறைந்த கடலில் மோவாய் வைத்துக் கிடந்தது.
உதைவண்டியின் இருக்கையில் அவன்,
பின்னால் நின்று உதைத்துத் தள்ளுகிறவன் நான்.
வழியெல்லாம் ஒரே வழக்கு:
"வயசு எத்தனையோ அத்தனைதானே?"
அத்தனைதான்.
"மூணு."
மூணு.
"பெருசா இருந்தாலும் மூணா?"
இதை நானும் தூவாவும்
யோசித்து வைத்திருக்கவில்லை.

கடையின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கரண்டி.
ராஸ்பெர்ரிப் படகுகள், நுரை வாழைப்பழங்கள்,
புளிப்புத்தூள் பூசிய பாட்டில்கள்,
முழங்காலிலிருந்து என் தலைக்கு மேல்வரை.
செவ்வாயோ வியாழனோ தயிர் வாங்க வந்தால்
திரும்பியும் பார்க்காமல் நடப்பான்.
அவனுக்கு அது வெறும் சுவர்.
எனக்கு அது
ஒருநாளும் வெறும் சுவராக இருந்ததில்லை.

ஒரு படகு எடுத்தான்.
ஒரு வாழைப்பழம்.
பிறகு வெகுநேரம்,
என் கம்பளிச் சட்டைக்குள் வேர்க்கிற அளவு நேரம்,
நின்று யோசித்து
ஒரு கறுப்பு மீன்.
அது உப்பு என்றேன்.
"மீன்னா உப்புதான்" என்றான்.

காகிதப் பைக்குள் எட்டிப் பார்த்தான்.
ஆட்டினான். மூன்றும் அடியில் உருண்டன.
"அப்பா, உனக்கு எத்தனை வயசு?"

முப்பத்தெட்டு மிட்டாய்களை
இரண்டிரண்டாக எண்ணிப் போடவைத்தான்.
பாதியில் ஒருமுறை கணக்குத் தப்பி
முதலிலிருந்து.
எடைபோட்ட பையன், மூக்கில் வளையம்,
பையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தான்.
"உனக்கு?" என்று எப்பே அவனையும் கேட்டான்.
பத்தொன்பது.
பாவம் என்பதுபோல் தலையசைத்தான்.

வீட்டில் தட்டில் வைத்துத் தின்றான்.
வாழைப்பழம் கரைந்தது.
படகைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்,
கடைசித் துணுக்கைக் கன்னத்துக்குள்
மறந்துபோனவன் மாதிரி ஒளித்துவைத்து.
மீன் வந்தது.
பெயர்தான் அதிமதுரம்;
மேலே நவச்சாரம், கரிப்பு.
முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.
துப்பவில்லை. வெளியே எடுத்து
நனைந்தபடி என் உள்ளங்கையில் வைத்துக் கேட்டான்,
"இது மூணுல சேருமா?"

சேரும் என்றாள் தூவா.
சேராது என்றேன் நான்.
இரண்டும் ஒரே நொடியில்.
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
பல்தேய்க்க அவனே எழுந்து போனான்.
மீனை நான் தின்றேன்.

எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான்
சனி பிடித்திருக்கிறது என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன் நள்ளிரவு.
எஃகு ஆலையில் வேலை முடிந்து
கால்விரல்களில் நடந்து சமையலறைக்கு வந்து
ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டேன்.
காகிதப் பை இரவில்
எவ்வளவு சத்தம் போடும் என்பது
பை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.
முப்பத்தெட்டில் பதினொன்று மிச்சம்.
பிறகு எட்டு.

கதவருகே எப்பே,
போர்வையின் ஒரு முனையைத் தரையில் இழுத்தபடி.
என் வாயைப் பார்த்தான்.
பையைப் பார்த்தான்.
"சனியா?"

மூன்று வாழைப்பழங்களோடு
இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதற்குள் அவன் ஓடிப்போய்
காலணியை மாட்டிக்கொண்டு நின்றான்,
இந்த முறை
இடதும் வலதும் சரியாக.