கட்டுப் பிரித்தல்

மூன்றாம் வகுப்பின் ஓட்டைக்
குரங்குகள் பிரித்துப் போட்டுவிட்டன.
கணக்கு நோட்டோடு
கவுண்டன்யா ஆற்றுக்குள் இறங்கினோம்.

முப்பத்தோரு பேர்.
மணலில் இறங்கியதும் எண்ணினேன், முப்பது.
மறுபடி எண்ணினேன், முப்பத்திரண்டு.
கடைசியில் நின்றது
யார் வீட்டு ஆட்டுக்குட்டியோ.

கரைக்குக் கரை எத்தனை எட்டு என்றேன்.
இம்தியாசுக்கு நூற்று நாற்பது.
காலை அகட்டி வைத்த மோனிஷாவுக்கு நூற்றுப் பதினெட்டு.
ஜெபக்குமார் நடுவில் ஓணானைத் துரத்திப்போய்
மூச்சு வாங்கத் திரும்பி
முந்நூறு என்றான்.
யாருது சரி டீச்சர்?
ஆற்றைக் கேளுங்கள் என்று தப்பித்துக்கொண்டேன்.

ஆற்றில் தண்ணி எவ்வளவு?
பூஜ்ஜியம்! என்று கத்தியதில்
முள்மரத்துக் கொக்குகள் எழும்பின
(ஒன்பது என்றாள் ஒருத்தி, பார்த்த மாத்திரத்தில்).
பின்னால் ஒரு பையன் மட்டும்
முழங்கை ஆழம் மணலைத் தோண்டி
ஈரமாய் ஒரு பிடி கொண்டுவந்து
என் கையில் வைத்துவிட்டுப் போனான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
அவன் கேட்கவில்லை.
நல்லவேளை.

தோப்போரம் விழுந்த தென்னமட்டையில்
ஈர்க்கு உருவி
பத்துப் பத்தாய்க் கட்டச் சொன்னேன்.

பவதாரணியின் கட்டு மட்டும் தடிமன்.
பிரித்து எண்ணினால் இருபத்தைந்து.
அடுத்த கட்டும் இருபத்தைந்து.
அவள் எண்ணவே இல்லை.
பெருவிரலும் சுட்டுவிரலும் வளைத்த வளையம்
நிறைந்ததும் நிறுத்துகிறாள்.
நூல் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
"எங்கம்மா பீடி இப்டிதான் கட்டும் டீச்சர்.
ஆயிரம் சுத்துனா நாப்பது கட்டு."
வகுத்தல் பாடம்
நான் இன்னும் தொடங்கவில்லை.

பத்தாக மாற்றிக் கட்டவைத்து
அவளிடமே கேட்டேன்:
ஐம்பத்திரண்டில் பதினேழு போனால்?
இரண்டில் ஏழு போகாது.
"பக்கத்துல கடன் வாங்கு" என்றேன்,
எனக்குச் சொல்லப்பட்ட அதே குரலில்.

கை நீளவில்லை.
"வாங்குனா எப்ப டீச்சர் திருப்பித் தரணும்?"

"வட்டி எவ்ளோ?" என்றான் ஜெபக்குமார்.
சிரித்தார்கள்.
சிலர் சிரிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தெருவுக்குள்
குழுக்கடன்காரர் பைக் வரும்.
அன்று என் பதிவேட்டில்
முப்பத்தொன்று இருபத்தேழாகும்.
அந்தக் கழித்தலை
இத்தனை நாள் சிவப்பு மையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மணலில் உட்கார்ந்தேன்.
கடன் இல்லடி.
அஞ்சு கட்டும் உன்னுது.
சில்லறை பத்தலன்னு ஒண்ண அவுக்குற,
அவ்வளவுதான்.

முடிச்சை அவளே இழுத்தாள்.
பத்து ஈர்க்கு மணலில் சரிந்து
இரண்டோடு சேர்ந்தது.
பன்னிரண்டில் ஏழை ஆட்டுக்குட்டிப் பக்கம் ஒதுக்கினாள்,
நாலு கட்டில் ஒன்றையும்.
அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.
மிச்சத்தை வாய்க்குள் எண்ணி
முப்பத்தஞ்சு என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"நூலும் மிச்சம்."

வெயில் ஏறித் திரும்பினோம்.
ஓடு இல்லாத சதுரம் வழியே
கரும்பலகையில் வெளிச்சம் விழுந்திருந்தது.
நேற்றைய தலைப்பு அப்படியே இருந்தது:
கடன் வாங்கிக் கழித்தல்.
முதல் இரண்டு சொற்களை அழித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று
சாக்பீஸோடு நிற்கையில்
சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

பவதாரணி தட்டோடு வரிசையில்.
விரலில் அந்த நூல்,
இரண்டு சுற்று,
முடிச்சு இன்னும் போடவில்லை.