நீலக்கால் நண்டு கிலோ எவ்வளவு

தங்கச்சிமடம், ஐஸ் கம்பெனி மாடி.
கீழே கட்டி உடைகிற அதிர்வில்
மேசைமேல் மௌஸ் தானாக நகரும்.
நண்டுக் கம்பெனிக்கு ஒரு பக்கம் செய்கிறேன்.
தினமும் விடியுமுன் விலை வர வேண்டும்,
கைப்பேசியில்.

ஹபீப் நைனாவின் குரல்பதிவு, பதினேழாவது:
"தம்பி, பேரு இன்னும் பெருசா வரணும்.
விலையும் பெருசு, போன் நம்பரும் பெருசு.
மேல வலது பக்கம் சும்மா கிடக்கே,
அங்க ஒரு நண்டு போடு, சிரிக்கிற மாதிரி."

எல்லாரும் ஒரே நேரம் கத்துகிற ஏலத்தில்
யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்பது
குறித்துக்கொள்ளும் பையனுக்கே தெரியாது.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
நண்டைச் சிரிக்க வைத்தேன்.
பாதிப் பணம் பாக்கி இருந்தது.

சும்மா கிடக்கும் இடம்.
சன்னலுக்கு வெளியே நங்கூரமிட்ட வள்ளங்கள்,
ஒன்றைவிட்டு ஒன்று ஒரு சுற்றுத் தள்ளி.
காற்று மாறினால் எல்லாம் சேர்ந்து திரும்பும்,
இடிக்காது.
நடுவில் கிடக்கும் அந்தத் தண்ணீரைக்
காலி மனை என்று யாரும் விலை பேசியதில்லை.

என் பாவம் வேறு.
எனக்குச் சாம்பல் நிறம் பிடிக்கும்.
வெள்ளைமேல் மெல்லிய சாம்பல்,
எழுத்து இருப்பதே தெரியாத நாகரிகம்.
திரைச்சீலை போட்ட ஏசி அறையில் படித்தவன் நான்.
பக்கத்தின் பாதியில் ஒரு ட்ரோன் கடல் வைத்திருந்தேன்,
பச்சையும் நீலமுமாய், ஆளே இல்லாத கடல்.

பங்குனி வெயில், பகல் பதினொன்று.
வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த
இருளாயியிடம் கைப்பேசியை நீட்டினேன்.
முந்தானையால் துடைத்தாள். சாய்த்தாள்.
சூரியன் கண்ணாடியில் பட்டு அவள் கண்ணுக்கே திரும்பியது.
"ஒண்ணுமே எழுதலையே தம்பி?"
கீழே இருக்கு அக்கா, என்றேன்.
உப்பும் பாசியும் அப்பிய பெருவிரலை ஊன்றினாள்.
என் பொத்தானோ கடுகு.
அவள் விரலுக்கடியில் நாலு பொத்தான்.
சிரிக்கிற நண்டு திரை முழுக்கத் திறந்தது.
"நண்டு இங்கேயே கிடக்கு.
வெலையக் காட்டு."

அன்றிரவு சாம்பலைக் கருப்பாக்கினேன்.
வரிக்கும் வரிக்கும் நடுவே இடம் விட்டேன்.
ஆங்கிலத்துக்கு அளந்த நெருக்கத்தில்
மேல்வரி 'மு'வின் வால்
கீழ்வரி 'கி'யின் கொண்டையில் மாட்டிக் கிடந்தது,
ஒரே இடத்தில் விட்ட இரண்டு வலை போல.
இரு ஓரமும் இழுத்துக் கட்டியதை அவிழ்த்து
இடப்பக்கம் மட்டும் நிறுத்தினேன்.
வலது ஓரம் கரை மாதிரி எப்படியோ போகட்டும்.
விலைக்கு மட்டும் பெரிய எழுத்து.
நைனா பெயர் அதில் மூன்றிலொரு பங்கு.
கடலை எடுக்க மனசு வரவில்லை.
சின்னதாக, ஓரத்தில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசிக் கடைசியில் வாடை புரண்டது.
பாம்பனில் கூண்டு ஏற்றியாச்சு என்று
ராத்திரி ஐஸ் லாரிக்காரர் சொன்னார்.
கம்பத்தில் கூண்டு, பின்னால் வானம்.
பக்கத்தில் யாரும் விளம்பரம் கட்டுவதில்லை.

பக்கத்தைத் திறந்தேன்.
ஒவ்வொன்றாக இறக்கினேன்:
நண்டு, பெயர், நம்பர், விலைகூட.
கடைசியாக என் கடல்.
ஒரு வரி மிச்சம் வைத்தேன்.

இன்று தொழிலுக்குப் போக வேண்டாம்.

பங்குனியிலிருந்து எங்கும் செலவழிக்காமல்
முடிந்துவைத்திருந்த சிவப்பை
அதற்குக் கொடுத்தேன்.

மூன்றரை மணிக்கு நைனா:
"என்னப்பா, பக்கம் அம்மணமா நிக்குது?"
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, சின்னது:
"சரி. இருக்கட்டும்."

விடியுமுன் கரைக்குப் போனேன்.
இருளாயி கைப்பேசியை எடுத்தாள்.
எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று எண்ண நினைத்தேன்.
ஒன்று சொல்லி முடிக்கவில்லை,
சுருக்குப்பைக்குள் போட்டுவிட்டாள்.
வள்ளத்தின் கயிற்றை மணலில் இழுத்துக்கொண்டே,
"வந்ததுதான் வந்தே,
இந்தப் பக்கம் ஒரு கை பிடி."