மொழிபெயர்ப்புக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம்

மாங்குளம் தாண்டி, துணுக்காய்ப் பக்கம் திரும்பின கிறவல் றோட்டில்
வான் மூன்று தரம் புதைந்தது.
மார்கழி மழை.
பதினொரு பேரும் இறங்கித் தள்ளினார்கள்,
மஞ்சள் ரீசேட்டில் அச்சடித்த சிலுவை வரைக்கும் சேறு.
அருமைத்துரையண்ணை ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி
"ஊழியம் செய்யத்தானே வந்தவை, தள்ளட்டும்" என்றார்.
என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.
உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

மல்லாவி இல்லத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்
காலை எட்டு மணியிலிருந்து வரிசையில்.
றூபவதி மிஸ் எல்லாத் தலைக்கும் எண்ணெய் வைத்து இழுத்திருந்தா.
பாஸ்டர் ஹென்றிக்கின் முதல் வசனம்:
உங்களை நேசிக்கிறோம்.
வேதப்புத்தகத்துக்கு வெளியே
நாங்கள் பாவிக்காத சொல் அது.
"உங்களிலை நல்ல விருப்பமாம்" என்று இறக்கி வைத்தேன்.
பின்வரிசையில் ஒருத்தி கை உயர்த்தினாள்:
"அப்ப எப்ப போவினம்?"
எத்தனை நாள் நிற்பீர்கள் என்று ஆசையாய்க் கேட்கிறாள் என்றேன்.
பத்து நாள்.
அவள் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள்
கொப்பியோடு ஒரு பெண்மணி, நல்ல மனுசி,
டிலானியைப் பக்கத்தில் இருத்தி
தாய்க்கு நடந்ததைக் கேள் என்றா என்னிடம்.
நான் கேட்டேன்:
"காலமை என்ன சாப்பிட்டனி?"
"இடியப்பமும் சொதியும்."
அவளுக்கு ஞாபகமில்லையாம் என்றேன்.
மனுசி கண்ணாடியைக் கழற்றி அழுதா, அழுதுகொண்டே எழுதினா.
டிலானி என் காதுக்குள்,
"ஏன் அக்கா அழுறா?
அவவுக்கும் சொதி உறைச்சதோ?"

ஞாயிறு மாலை
பிள்ளைகளின் கால் கழுவவேண்டும் என்று பாஸ்டர் ஆசைப்பட்டார்.
மூன்று பிளாஸ்ரிக் பேசின். புதுச் சவர்க்காரம்.
யதுகுலன் வாங்கில் ஏறியிருந்து
காற்சட்டையை மடித்து
ஜெய்ப்பூர்க் காலை முதலில் நீட்டினான்.
பாஸ்டரின் கை மற்றக் காலுக்குப் போனது.
"இல்லை, இதைத்தான். மற்றது காலமை குளிச்சிட்டுது,
இதுதான் கூட ஊத்தை."
இதை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்,
ஒரு அசைகூட மறைக்காமல்.

பாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு முழங்கால் ஈரத்தில் பதிய இருந்து
அந்த றப்பர் விரல்களின் இடுக்கில்
அழுந்திக் கிடந்த சேற்றை
நகத்தால் கிண்டி எடுத்தார்.
யதுகுலன் காலை வெடுக்கென்று இழுத்தான்:
"கூசுது!"
பிள்ளைகள் வாங்கு ஆடச் சிரித்தார்கள்.
பாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார், என்ன சொன்னான்?

கிச்சுக் காட்டினாலும் எங்களுக்குக் கூசும்,
வெட்கம் வந்தாலும் கூசும்,
அவர்களின் கமராக்கள் அப்போது மின்னிக்கொண்டிருந்தன, அதற்குக் கண்ணும் கூசும்.
அவர்களிடம் இதற்கு மூன்று சொல், ஒன்று தெரியச் சொல்கிறார்கள்.
நான் வாயைத் திறந்து மூடினேன்.
அவன் சிரிக்கிறான் என்றேன்.
அது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

சாப்பாட்டு மண்டபச் சுவரில் நோவாவின் பேழை கீறத் தொடங்கி
மழையால் பாதியில் விட்டுப் போனார்கள்.
யானைச் சோடி, ஒட்டகச்சிவிங்கிச் சோடி,
மிச்சம் வெறும் நீலம்.
தூரிகைகளையும் விட்டுப் போனார்கள்.

தையில் றூபவதி மிஸ் படம் எடுத்து அனுப்பியிருக்கிறா.
பாஸ்டர் எனக்கு எழுதுகிறார்:
பிள்ளைகள் பேழையை முடித்ததில் மிகுந்த சந்தோஷம்.
ஒரே ஒரு கேள்வி.
நடுவில் நிற்கிற அந்தச் சிவப்பு மிருகம்,
இரண்டு நீளக் கொம்பு,
முதுகில் பாய், பானை, சைக்கிள், ஒரு ஆடு,
அதற்குச் சோடி இல்லையே,
அதன் பெயர் என்ன?

லான்ட்மாஸ்டர்.
பெட்டி பூட்டின லான்ட்மாஸ்டர், பாஸ்டர்.
கொம்பில்லை, பிடி.

இவ்வளவும் எழுதி அழித்துவிட்டேன்.
அதில் ஏறி எங்கிருந்து எங்கே போனார்கள் என்று
அடுத்த கடிதத்தில் கேட்பார்.
அதற்கு நாட்சம்பளம் பேசவில்லை.