செம்பு, நானூறு ராத்தல்

கஸ்காசிக் காற்றில் பெட்டி வந்து இறங்கியபோது
சுல்தான் போய் இருபத்தாறு நாள்.
சுங்கக் கொட்டகையில் ஆணி பிடுங்கினேன்.
வைக்கோலுக்குள் புதுச் செம்புக்காசு,
இன்னும் யார் வியர்வையும் படாதது.
ஒரு பக்கம் தராசு. மறுபக்கம்
மகாமே பின் ஷெஹே, கிபாண்டாத் தீவின் சுல்தான்,
அல்லாஹ் அவர் ஆட்சியை நீடிக்கச் செய்வானாக.

நீடித்தது நாற்பத்தொரு நாள்.

பதினாறு வயது. மீசை
வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.
அங்கியின் ஓரத்தில் நாலு விரற்கடை
உள்மடித்துத் தைத்திருந்தார்கள்,
வளர்வார் என்று.
முதல் நாள், கன்சல் நீட்டிய தாள்களில்
கையெழுத்திட்டுவிட்டுக் கேட்டாராம்:
"இதில் நான் வைத்துக்கொள்ளும் தாள் எது?"
அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்,
கொஞ்சம் தாமதமாக.

அப்புறம் ஒரு மத்தியானம்
குடைபிடிப்பவன்கூட இல்லாமல் இங்கே வந்தார்.
கிராம்பு மூட்டைமேல் உட்கார்ந்து,
"ஷோமாரி, போன வருஷம் தீர்வை எவ்வளவு?"
சொன்னேன்.
"அதில் கன்சல் வீட்டுக்குப் போனது?"
பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
வாயால் சொல்லவில்லை.
விரல்விட்டு எண்ணினார். இரண்டு கையும் போதாமல்
என் கையை இழுத்து வைத்து எண்ணினார்.

அன்று மூட்டை சுமந்தவர்கள் பன்னிரண்டு பேர்.
யார் போய்ச் சொன்னதென்று தெரியாது.
கன்சல் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்.
பேரேடு திறந்துதான் இருந்தது என்றேன்.
பொய்யில்லை.

போர்க்கப்பல் வந்தது. சுடவில்லை.
பித்தளையைத் துலக்கினார்கள், பாண்டு வாசித்தார்கள்.
மூன்றாம் நாள், சுல்தானுக்கு உடம்பு சரியில்லை என்று
படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கியவரைப்
படகில் ஏற்றினார்கள்.
அங்கி சித்தப்பாவுக்குப் போயிற்று.
மடிப்பைப் பிரித்தார்கள்;
அளவு சரியாக இருந்தது.

"இந்தப் பெட்டியை என்னவென்று பதிய?"
கன்சல் நிமிரவில்லை. "செம்பு. எடைக்கு."
நானூறு ராத்தல். எழுதினேன்.
தீர்வையும் போட்டேன், நூற்றுக்கு ஐந்து.

மீனவர்கள் வாங்கிப்போனார்கள். ஈயத்தைவிட மலிவாம்.
நடுவில் துளையிட்டு வலையோரம் கோத்திருக்கிறார்கள்.
சுபுஹு தொழுதுவிட்டு வருகையில்
கரையில் இழுத்துப் போட்டிருக்கும்,
பாசியும் செதிலுமாக.

எழுத்தறியாத பையன் ஒருவன் இன்று
கட்டைவிரலால் ஒன்றைத் துடைத்து நீட்டினான்.
"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

எடை, என்றேன்.