சமையலறை மேசையில் நூற்றுப் பதினேழு நீதிபதிகள்

ட்ரொண்ஹைமில் பனி இளகும் வாரம்.
ஆய்வுக்குழு கேட்டிருந்தது:
உச்ச நீதிமன்றத்தின் இருநூறாண்டு நீதிபதிகளை
ஒன்றிலிருந்து நூற்றுப் பதினேழு வரை
தரம் பிரித்துத் தருக.

ஆளுக்கோர் அட்டை எழுதி
மேசையில் பரப்பினேன்.
விசாரணையில் தூங்கி வழிந்தவர்,
மைத்துனருக்காக ஒரு காற்புள்ளியை நகர்த்தியவர்,
பத்தொன்பது ஆண்டுகளில் ‘உடன்படுகிறேன்’ தவிர
வேறொன்றும் எழுதாதவர்...
கடைசி வரிசை நிரம்பச் சிரமமில்லை.

உச்சியில் எய்லிஃப் ஸ்டாவ்னெஸ்.
அவர் வாக்கியத்தில்
ஒரு சொல்லை உருவினால் கூரை சரியும்.
முப்பதாண்டு மாணவர்களுக்கு
வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

தொட்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்த
குழாய்க்காரர் ஆரோன் யோமா
கையைத் துடைத்தபடி அட்டையைப் பார்த்தார்.
“இந்த ஆளா?
எங்கள் பனிமான்கள் கன்று ஈன்ற கரை
இப்போது நாற்பது மீட்டர் தண்ணீருக்கு அடியில்.
அந்தத் தீர்ப்பு
அப்பாவுக்கு முழுக்க மனப்பாடம்.
அழகாகத்தான் எழுதியிருக்கிறார்.”

பிறகு குழாயைத் திறந்து மூடி
“ஒழுகவில்லை, பாருங்கள்” என்றார்.

அவர் போனதும் விளக்கைப் போட்டேன்.
அந்த அணையின் மின்சாரமாகவும் இருக்கலாம்.
வெகுநேரம் கழித்து
ஸ்டாவ்னெஸை நான்காம் இடத்துக்கு இறக்கினேன்.
மூன்று படி.
என் துணிச்சல் அவ்வளவுதான்.
அது யாருக்கு என்ன தண்டனை என்று
எனக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரசீது வந்தது.
ரப்பர் வளையம் ஒன்று,
உழைப்பு முக்கால் மணி நேரம்.
ஒவ்வொன்றுக்கும் நேரே
அதனதன் விலை.